மெக்ரிட்சி காட்டில் நாலு துண்டு மைசூர்பாகு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டக்காரன் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஸ்போர்ட்ஸ் டே என்றால் ரிசல்ட் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்த ரகம். வயசுக்கு வந்தபிறகு நான் ஓடியது ஒரே ஒரு தடவை, தஞ்சாவூர் ஜங்ஷனில், உழவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க. அதையும் பிடிக்கவில்லை.

அப்படிப்பட்டவன் சிங்கப்பூரில், காட்டுக்குள், ஒரு நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர் ஓடினேன் என்றால் யார் நம்புவார்கள்? வீட்டுக்காரியே நம்பவில்லை. "போட்டோ அனுப்புங்க" என்றாள். அனுப்பினேன்.

"யாரு இது, குரங்கா?" என்று பதில் வந்தது.

"பின்னாடி நிக்கிறதைத்தானே கேக்கறே?" என்று உறுதி செய்துகொண்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனை. கம்பெனி என்னை இரண்டு வருஷ டெபுடேஷனில் சிங்கப்பூருக்கு அனுப்பியது. ஆபீஸ், சாப்பாடு, ரூம், திரும்ப ஆபீஸ். செராங்கூன் ரோட்டுப் பக்கம் ரூம் எடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? இந்தப் பக்கம் பரோட்டா, அந்தப் பக்கம் பிரியாணி, நடுவில் ஸ்வீட் ஸ்டால். ஒன்றரை வருஷத்தில் 78 கிலோவாக வந்தவன் 89 ஆனேன். வருடாந்தர மெடிக்கலில் மூன்று மாத சர்க்கரைக் கணக்கு 7.2 என்று வந்தது. 6.5 தாண்டினாலே சர்க்கரை வியாதி. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வயசு?" என்றார். "முப்பத்தஞ்சு." "குடும்பத்துல யாருக்காவது?"

"அப்பாவுக்கு" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

அன்றைக்கு ஆபீஸ் வேனில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் டிரைவர் அண்ணன் விசாரித்தார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வயசு 62. பார்த்தால் ஐம்பது சொல்லலாம். (பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி, நம்ம கதையை எழுது, நம்ம பேரு எதுக்கு" என்றுவிட்டார்.) விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம காலையில என்னா வேலை உனக்கு?" என்றார்.

"தூங்கறதுண்ணே."

"அத விடு. ஆறே முக்காலுக்கு கால்டிகாட் எம்ஆர்டி வாசல்ல நில்லு."

அப்படித்தான் மெக்ரிட்சி என் வாழ்க்கையில் வந்தது.

சிங்கப்பூர் என்றால் நம்மவர்களுக்கு முஸ்தபா கடை, கண்ணாடிக் கட்டடம், எச்சில் துப்பினால் அபராதம். நடு ஊரில் ஒரு காடு இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். இருக்கிறது ஸார்! எம்ஆர்டி ஸ்டேஷனிலிருந்து பொடிநடை தூரத்தில் தண்ணீர் பளபளக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் மரம்.

ஊரிலேயே வயதில் மூத்த நீர்த்தேக்கம் இதுதான். 1857-ல் டான் கிம் செங் என்ற சீன வியாபாரி, ஊருக்கு நல்ல தண்ணீர் வரட்டும் என்று 13,000 டாலரைத் தூக்கிக் கொடுத்தார். அந்தக் காலத்து 13,000! நீர்த்தேக்கம் கட்டி முடிக்க 1868 ஆயிற்று. அதிலிருந்து பம்ப் வைத்துக் குழாயில் தண்ணீர் விட மேலும் பத்து வருஷத்துக்குக் கிட்ட. கொடுத்த மனுஷர் 1864-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, 1882-ல் அவர் பெயரில் ஒரு நீரூற்று வைத்தார்கள். இன்றைக்கும் எஸ்பிளனேடு பூங்காவில் நிற்கிறது. காண்டிராக்ட் இழுத்தடிப்பு நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். பிறகு 1890-களில் அணையைப் பெரிதாக்கிய முனிசிபல் என்ஜினீயர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயரை 1922-ல் வைத்தார்கள்.

தண்ணீர் அழுக்காகக் கூடாது என்று சுற்றியிருந்த காட்டை அப்போதே காபந்து பண்ணியதால்தான் அது பிழைத்தது. அதற்கு முன்னால் மிளகு போட்டு, காம்பியர் என்ற செடியைப் போட்டு (தோல் பதனிட உபயோகமாம்) தீவில் பாதி மரத்தைத் தீர்த்துக் கட்டியிருந்தார்கள். சும்மா விட்டதும் காடு தானாகத் திரும்பி வந்திருக்கிறது.

முதல் ஞாயிறு நான் ஓடியது மொத்தம் 400 மீட்டர். நாக்கு தொங்கிவிட்டது. அண்ணன் பக்கத்திலேயே நடந்து வந்தார். நான் ஓட, அவர் நடக்க, இரண்டு பேரும் ஒரே வேகம்!

அவருடைய பாடம் ரொம்பச் சுலபம். "பேச முடியுதா? ஓடு. பேச முடியலையா? நட." அவ்வளவுதான். வாட்ச் கிடையாது, ஆப் கிடையாது. அவர் பதினாலு வயதில் ஸ்கூல் ஓட்டப்பந்தயத்துக்கு இங்கே வந்தவராம். சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்தச் செம்மண்ணில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டவர்கள்தான் என்றார். இரண்டாவது மாதம் 3 கிலோமீட்டர், மூன்றாவது மாதம் 6. வேர்க்கிற வேர்வையைச் சொல்லி மாளாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர். காற்றையே பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும்.

நாலாவது மாதம் அந்த ஞாயிறு வந்தது. "இன்னிக்கு முழுசா சுத்துறோம்" என்றார் அண்ணன்.

ஓடுவதற்கு முன்னால் ஒரு சமாதியைக் காட்டினார். லிம் போ செங். ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது மலாயாவில் இறங்கி ரகசிய வேலை பார்த்து, 1944-ல் பிடிபட்டு, யாரையும் காட்டிக் கொடுக்காமல் பத்து காஜா சிறையில் செத்தவர். யுத்தம் முடிந்ததும் 1946 ஜனவரியில் இங்கே கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள். தண்ணீரைப் பார்த்தபடி அமைதியாக இருக்கிறது இடம். பிறந்த வருஷத்தையும் இறந்த வருஷத்தையும் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். முப்பத்தைந்து. என் வயசு. நானோ 7.2-வுடன் நின்றுகொண்டிருக்கிறேன்.

"கணக்குப் போட்டுட்டியா? வா" என்றார் அண்ணன்.

முதல் இரண்டு கிலோமீட்டர் லோர்னி பாதை. இந்தப் பக்கம் தண்ணீர் மரத்துக்கு நடுவே எட்டி எட்டிப் பார்க்கும். அந்தப் பக்கம் ரோட்டில் கார் போகிற இரைச்சல் கேட்கும். காடு என்கிறார்களே, இதுவா என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கார் சத்தம் எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்று, சிள்வண்டுச் சத்தம் எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் தொடங்கியிருக்கும். பாதை முழுக்க மரத்தின் வேர்கள். படுத்துக் கிடக்கும் பாம்பு மாதிரி கோணல் கோணலாய். தலையைத் தூக்கி அழகைப் பார்த்தால் கால் தடுக்கும், காலைப் பார்த்தால் அழகு போய்விடும். அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். நடக்கும்போது மேலே பார், ஓடும்போது கீழே பார்.

மேலே பார்த்தபோது ஒரு துடுப்புவால் கரிச்சான். வாலில் இரண்டு கம்பி, கம்பி முனையில் இரண்டு கொண்டை. அது பறந்தால் பின்னாலேயே இரண்டு வண்டு துரத்திக்கொண்டு வருவது போல் இருக்கிறது. கீழே பார்த்தபோது ஒரு உடும்பு, என் தம்பி நீளம், பாதையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை. நாங்கள் நின்று வழிவிட்டோம். ஊரில் அமைச்சர் கார் போவதற்கு நிற்பதில்லையா, அது மாதிரி.

நடுவில் கோல்ஃப் மைதானம் ஒன்று காட்டை ஒட்டி வருகிறது. வெயிலில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் சின்னப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் ஜெலுத்தோங் கோபுரம். ஏழு மாடி உயரம். ஏறினால் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் மர உச்சிகள், நடுவில் தண்ணீர். இந்தக் காட்டுக்கு அடியில் ரயில் சுரங்கம் விடலாமா என்று வருஷக் கணக்காக வாக்குவாதம் நடந்ததாம். 2019 டிசம்பரில், விடலாம், ஆனால் 70 மீட்டர் ஆழத்தில் என்று அரசாங்கம் முடிவு சொன்னது. "நாம மேல ஓடுவோம், அவங்க கீழ ஓடட்டும்" என்று அண்ணன் பஞ்சாயத்தை ஒரு வரியில் முடித்தார்.

இப்போது நான் மறைத்து வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் முதுகுப் பையின் பக்கவாட்டு வலையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு பொட்டலம். அதற்குள் நாலு துண்டு மைசூர்பாகு. நெய் ஒழுகுகிற ஜாதி. 'முழுசா ஓடி முடிச்சா ஒரு பரிசு வேண்டாமா?' என்று எனக்கு நானே வாங்கிக்கொண்டது. உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டம் முடிந்து திரும்பும் வழியில் ரெண்டு துண்டு உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. அண்ணனிடம், "சீனியே தொடறதில்லண்ணே, தேகூட ஓ கொசோங்தான்" என்று அளந்து வைத்திருந்தேன். (தே ஓ கொசோங் என்றால் பாலும் இல்லாத, சீனியும் இல்லாத கட்டன் சாயா. பேரிலேயே ஒரு சோகம் தெரிகிறதா?)

மெக்ரிட்சிக் குரங்குகளுக்கு ஒரு விசேஷம். மனுஷனைக் கண்டால் அலட்சியம். பிளாஸ்டிக் பை சலசலத்தால் போதும், காது நிமிர்ந்துவிடும். காவலர் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் நீள வாலுடன் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. நான் ஓட ஓட என் பை சரக் சரக் என்றது. ஒரு பெரியவர், குடும்பத் தலைவர் போலிருக்கிறது, எழுந்து வந்தார். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. முதுகில் ஒரு இழுப்பு. திரும்பினால் அவர் வேலிக் கட்டையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். வாயில் போட்டார். கண்ணை மூடினார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

"குரங்குக்குத் தீனி போட்டா அஞ்சாயிரம் வெள்ளி வரைக்கும் அபராதம், தெரியுமில்ல?" என்றார் அண்ணன்.

"நான் எங்கண்ணே போட்டேன்? அதுவா எடுத்துக்கிச்சு!"

"என்னா அது?"

"...மைசூர்பாகு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குரங்குகள் தின்று முடித்துப் போகும்வரை எட்ட நின்றார். பிறகு காலிப் பையையும் காகிதத்தையும் பொறுக்கித் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். நான் பின்னால். அரைக் கிலோமீட்டர் தூரம் ஒரு வார்த்தை இல்லை. 'பேச முடியுதா? ஓடு' என்ற மனுஷர் பேசாமலேயே ஓடினார்.

காவலர் நிலையத்தில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது. தண்ணீர் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றினார். ஷூவைக் கவிழ்த்துத் தட்டினார். பாதத்தைத் திருப்பி, போன் கேமராவைக் கீழே பிடித்து, விரல் இடுக்கெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தார்.

"என்னண்ணே பாக்கறீங்க?"

"எனக்கு நாப்பத்தொண்ணுல சுகர் வந்துச்சு. இருபத்தொரு வருஷம். கால்ல பாதி உணர்ச்சி கெடையாது. கல்லு குத்துனா தெரியாது. அதான் கண்ணால பாத்துக்கறேன்."

நான் வாயடைத்துப் போனேன். அவருக்கு வந்திருக்கும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"இவ்வளவு ஓடுறீங்க, உங்களுக்கா?"

"ஓடுனா வராதுன்னு யாரு சொன்னா? வந்தவன் ஓடுறேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மிட்டாயை எடுத்துக் காட்டினார். "எங்கிட்டயும் இனிப்பு இருக்கு. திடீர்னு சுகர் எறங்கிப் படபடன்னு வந்தா வாயில போட. இது மருந்து. ஒன்னோடது என்னான்னு நீயே சொல்லு."

நான் சொல்லவில்லை. என் ஷூவைக் கழற்றி, தலைகீழாகத் தட்டினேன். ஒரு குட்டிக் கூழாங்கல் விழுந்தது. அது குத்திக்கொண்டு இருந்தது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்தது தொங்கு பாலம். 2004-ல் திறந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே 250 மீட்டர் நீளம். அதிகபட்ச உயரம் 25 மீட்டர். ஒரு ஆள் போகிற அகலம்தான். ஒருவழிப் பாதை வேறு. பாதியில் பயந்து திரும்பலாம் என்றால் முடியாது, பின்னால் வருகிறவர் வயிற்றில்தான் முட்ட வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை என்று பலகை இருந்தது. அன்றைக்கு ஏன் திங்கட்கிழமையாக இல்லை என்று நொந்துகொண்டே காலை வைத்தேன். பாலம் லேசாக ஆடியது. கீழே மரங்களின் தலை. காற்றில் ஈர இலை வாசனை.

இதில் ஓடக் கூடாது, நடக்கத்தான் வேண்டும். அண்ணன் முன்னால், நான் பின்னால். அவர் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அதனாலோ என்னவோ எனக்குப் பேச வந்தது.

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். திருவையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். வீடு தஞ்சாவூர். முப்பது வருஷம் சைக்கிளிலேயே போய் வந்தார். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று அஞ்சு ஆறு, அஞ்சு பாலம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை முன்னால் கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப் போவார். ஒவ்வொரு பாலத்திலும் சைக்கிளை நிறுத்தி, "இது எந்த ஆறு சொல்லு" என்பார். தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு, சரியாகச் சொன்னால் அசோகா அல்வா. ஐம்பத்தேழாவது வயதில் செருப்புக்குள் ஒரு சின்னக் கல். நாள் முழுக்க உறுத்தியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. புண்ணானதும் மஞ்சள் வைத்துக் கட்டினார். முதலில் கட்டை விரல் போயிற்று. அப்புறம் முழங்காலுக்குக் கீழே போயிற்று. சைக்கிள் இன்னும் வீட்டுத் திண்ணையில்தான் நிற்கிறது. வாரம் ஒரு தடவை துடைக்கிறார்.

இதை நான் யாரிடமும் இப்படி முழுசாகச் சொன்னதில்லை. டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை.

பாலம் முடிகிற இடத்தில் அண்ணன் திரும்பினார். "அப்பாவுக்கு ரிப்போர்ட்டைச் சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"அவர் தாங்க மாட்டாருண்ணே."

"அவரு ஒரு காலையே தாங்குனவரு" என்றார்.

மீதி வழியைப் பற்றி ரொம்பச் சொல்வதற்கில்லை. படிகள், மேடு, பள்ளம், மறுபடி படிகள். ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு வேர் என்னை வென்றது. குப்புற விழுந்தேன். உள்ளங்கை சிராய்த்தது. எதிரே ஓடி வந்த ஒரு சீனப் பாட்டி, எழுபது இருக்கும், "ஓகே?" என்று கேட்டுவிட்டு, நான் "ஓகே" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வளைவைத் தாண்டிப் போய்விட்டார். அந்த வெட்கத்திலேயே ஒரு கிலோமீட்டர் ஓடினேன். அப்புறம் மரங்கள் விலகி, தண்ணீர் முழுசாகத் தெரிந்தது. படகுத்துறையில் பிள்ளைகள் கயாக் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓடி வந்த காடு அக்கரையில் சாதுவாக நின்றது.

கிளம்பி இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஓடியது பாதி, நடந்தது பாதி. இதை ஓட்டம் என்று சொல்லலாமா என்று கேட்டால் நான் வாதாடத் தயாரில்லை.

அண்ணன் இரண்டு தே ஓ கொசோங் வாங்கி வந்தார். கசந்தது. குடித்தேன். "போனைப் போடு" என்றார்.

ஊரில் அப்போது காலை ஏழரை. அப்பாவே எடுத்தார். ரிப்போர்ட்டைச் சொன்னேன். 7.2 என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோ மட்டும் கேட்டது.

"என்ன பண்றே அதுக்கு?" என்றார்.

"ஓடறேம்ப்பா. இன்னிக்குப் பதினோரு கிலோமீட்டர். ஒரு ஏரியைச் சுத்தி, காட்டுக்குள்ள."

"பதினொண்ணா? நம்ம வீட்டுலேந்து திருவையாறு தூரமாச்சேடா, கிட்டத்தட்ட."

"ஆமாம்ப்பா."

"நடுவுல ஆறு வருதா?"

"ஆறு இல்ல. பாலம் வருது. தொங்கு பாலம்."

"எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?" என்றார் அப்பா. கால் போன பிறகு அவர் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.